தொங்கிப்போன த்ரெட்டை வெளியிலிருந்து கொன்றால், மூன்று நாளில் முழு புரோகிராமும் உறைந்துவிடுகிறது

நொய்யல் | திங்கள், இரவு 11:52

வணக்கம். இரண்டு வாரமாகத் தூக்கத்தைக் கெடுக்கும் பிரச்சினை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாரி எடைமேடைக்கான மென்பொருள். விண்டோஸ் 10, சி++. மேடையின் இண்டிகேட்டரிலிருந்து எடை சீரியல் போர்ட் வழியாக வருகிறது. போர்ட்டை நாங்கள் நேரடியாகப் படிப்பதில்லை. இண்டிகேட்டரோடு வந்த ஒரு டிஎல்எல் (நம் புரோகிராமுக்குள் ஏற்றிக்கொள்ளும் ஆயத்தக் கோடு நூலகம்) படிக்கிறது. அதில் எடையைக் கேட்க ஒரே ஒரு ஃபங்ஷன். சாதாரணமாக அரை நொடியில் பதில் வந்துவிடும். கேபிள் ஆடினாலோ, மின்சாரம் ஒரு கணம் போய்வந்தாலோ, கூப்பிட்ட ஃபங்ஷன் திரும்பியே வராது. சோர்ஸ் கோடு நம்மிடம் இல்லை. டைம்அவுட் வைக்கவும் வழியில்லை.

அதனால் அந்த அழைப்பைத் தனி த்ரெட்டில், அதாவது புரோகிராமுக்குள்ளேயே தனியாக ஓடும் வேலை இழையில், போட்டேன். அதைப் பார்த்துக்கொள்ள இன்னொரு காவல் த்ரெட். 10 நொடியில் பதில் வராவிட்டால் டெர்மினேட்த்ரெட் (இன்னொரு த்ரெட்டை வலுக்கட்டாயமாக முடிக்கும் விண்டோஸ் ஃபங்ஷன்) அடித்துவிட்டுப் புதிய த்ரெட்டைத் தொடங்கும். ஆபீஸில் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கி 200 தடவைக்கு மேல் சோதித்தேன். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

களத்தில் மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை திரை அப்படியே நின்றுவிடுகிறது. சிபியு பூஜ்யம். பட்டன் வேலை செய்யாது. போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு மேடைமேல் ஒரு லாரி, பின்னால் பதினோரு லாரி. போனில் பேசிய ஆபரேட்டர் தம்பி அழாத குறை.

என் சந்தேகம் இதுதான். கெர்னல்32 என்ற விண்டோஸ் நூலகத்தில் இருக்கும் டெர்மினேட்த்ரெட் அரைகுறையாகக் கொல்கிறதோ? அதற்கும் கீழே என்டிடிஎல்எல்-இல் என்டிடெர்மினேட்த்ரெட் இருக்கிறது. அந்த சிஸ்டம் காலை (இயக்க முறைமையின் மையமான கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பை) நேரடியாகக் கூப்பிட்டால் தீருமா?

சிறுதுளி | செவ்வாய், காலை 7:10

கூப்பிடலாம். என்டிடிஎல்எல்-இலிருந்து முகவரியை எடுத்துக்கொண்டு, த்ரெட் ஹேண்டிலையும் எக்ஸிட் கோடையும் கொடுத்தால் போதும். ஹேண்டிலைத் திறக்கும்போது டெர்மினேட் உரிமை இருக்க வேண்டும். இடையில் எந்த லேயரும் இல்லாததால் சுத்தமாக முடியும் என்று நினைக்கிறேன்.

பழையகோடு | செவ்வாய், காலை 9:35

நொய்யல், தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். டெர்மினேட்த்ரெட் என்பது என்டிடெர்மினேட்த்ரெட்டின் மேல் போர்த்திய மெல்லிய போர்வை. இரண்டும் போய்ச் சேர்வது கர்னலில் ஒரே இடம். உங்கள் த்ரெட் நன்றாகவே சாகிறது. அது செத்துவிடுவதுதான் உங்கள் பிரச்சினை.

வேறொரு த்ரெட்டைக் கொல்லச் சொன்னால், கர்னல் அந்த த்ரெட்டின் வரிசையில் ஏபிசி (APC) என்ற ஒரு வேலையைப் போடுகிறது, அந்த த்ரெட்டே பின்னர் ஓட்ட வேண்டிய வேலை அது. அந்த த்ரெட் கர்னலை விட்டுப் பயனர் பக்கம் (சாதாரண புரோகிராம் கோடு ஓடும் பக்கம்) எட்டிப்பார்க்கும்போது அந்த வேலை ஓடி, அதற்குள்ளேயே அதை முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த த்ரெட்டில் உங்கள் கோடு ஒரு வரிகூட ஓடாது. டிஸ்ட்ரக்டர் ஓடாது. எக்ஸெப்ஷன் பிடிக்கும் பகுதி ஓடாது. டிஎல்எல்களுக்கு "ஒரு த்ரெட் போகிறது" என்ற தகவலும் போகாது. கையில் எதைப் பிடித்துக்கொண்டிருந்ததோ, அதைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்துவிடும்.

இப்போது கிரிட்டிகல் செக்ஷனை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டை, யோசியுங்கள். அது கர்னல் பொருள் இல்லை. உங்கள் பிராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின்) மெமரியிலேயே கிடக்கும் ஒரு சின்ன ஸ்ட்ரக்சர். யார் வைத்திருக்கிறார், எத்தனை தடவை பூட்டினார் என்று இரண்டு மூன்று எண்கள். பூட்டிய த்ரெட் செத்தால், அந்த எண்களைத் திருத்துவது கர்னலின் வேலை இல்லை. யார் அந்தப் பூட்டைக் கேட்டு வந்தாலும் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

உங்கள் கோடில் எங்குமே கிரிட்டிகல் செக்ஷன் இல்லையே என்பீர்கள். மெமரி கேட்கும் ஃபங்ஷனான மால்லாக்கிற்குள் இருக்கிறது. பிராசஸின் ஹீப்புக்கு (கேட்கும்போது மெமரி எடுத்துக்கொடுக்கும் கிடங்குக்கு) ஒரு பூட்டு உண்டு. கொல்லப்பட்ட கணத்தில் அந்த டிஎல்எல் மெமரி கேட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பூட்டு என்றைக்கும் திறக்காது. மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறது: மிக அபாயமான ஃபங்ஷன், ஹீப் பூட்டு விடுபடாது, கெர்னல்32-இன் உள்நிலை குழம்பலாம் என்று.

உறையும்போது டாஸ்க் மேனேஜரில் பிராசஸின் மேல் வலது கிளிக் செய்து டம்ப் (அந்தக் கணத்தின் மெமரி நகல்) எடுங்கள். ஊகம் வேண்டாம், பார்த்துவிடலாம்.

ஏலக்காடு | செவ்வாய், மதியம் 1:20

கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. எங்கள் புரோகிராமில் மூடும் நேரத்தில் மிச்சமிருக்கும் த்ரெட்களை டெர்மினேட்த்ரெட் வைத்துத்தான் முடிக்கிறோம். ஆறு வருடமாக ஓடுகிறது. அவருடைய 200 சோதனையிலும் எதுவும் நடக்கவில்லையே?

பழையகோடு | செவ்வாய், மாலை 6:02

நியாயமான கேள்வி. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

மூடும் நேரம் வேறு. எக்ஸிட்பிராசஸ் கூப்பிட்டால் விண்டோஸே மற்ற த்ரெட்களை எல்லாம் இப்படித்தான் ஒரேயடியாகக் கொல்கிறது. அப்புறம்தான் மிச்சமிருக்கும் ஒற்றை த்ரெட்டில் டிஎல்எல்களின் விடைபெறும் கோடு ஓடுகிறது. அந்தக் கோடு அனாதையான ஒரு பூட்டைத் தொட்டால் அங்கேயே தொங்கிவிடும் என்பதால், விஸ்டாவிலிருந்து அந்தக் கட்டத்தில் அப்படி ஒரு பூட்டுக்குக் காத்திருக்க நேர்ந்தால் பிராசஸை அப்படியே முடித்துவிடுகிறார்கள். சாகப்போகும் பிராசஸுக்கு அது போதும். நீங்கள் கையால் ஒவ்வொன்றாகக் கொல்லும்போது பிராசஸ் இன்னும் மூடும் நிலைக்கு வரவில்லை. அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. எப்படியும் போகப்போகிறீர்கள் என்றால் டேட்டாவை எழுதி முடித்துவிட்டு டெர்மினேட்பிராசஸ் அடியுங்கள், அது நேர்மையான வழி.

நொய்யலுடையது அப்படி இல்லை. கொன்றுவிட்டு, அதே பிராசஸில் மூன்று நாள் வாழ வேண்டும்.

200 சோதனை ஏன் தப்பியது? கேபிளைப் பிடுங்கியபோது அந்த த்ரெட் 10 நொடியும், போர்ட்டைப் படிக்கும் விண்டோஸ் ஃபங்ஷனான ரீட்ஃபைலுக்குள் சும்மா காத்திருந்திருக்கும். கையில் பூட்டு எதுவும் இருந்திருக்காது. களத்தில் சிக்னல் பாதி வந்து பாதி வராமல் போகும். டிஎல்எல் திரும்பத் திரும்ப முயன்று, ஒவ்வொரு முறையும் பஃபர் வாங்கி விட்டுக்கொண்டிருக்கும். உங்கள் பத்தாவது நொடி எந்த வரியில் போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு, 16 கிலோபைட்டுக்குள் இருக்கும் சின்ன மெமரிக் கோரிக்கைகளைப் பெரும்பாலும் ஹீப்பின் முன்பகுதியே பெரிய பூட்டைத் தொடாமல் கவனித்துவிடும். அதனால்தான் அடி அபூர்வமாக விழுகிறது. அபூர்வமாக விழுவதால்தான் பிடிபடுவதும் இல்லை.

மின்னல்கொடி | செவ்வாய், இரவு 10:15

லினக்ஸ் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். இங்கே இந்தக் கேள்வியே வேறு மாதிரி வரும்.

லினக்ஸில் இன்னொரு த்ரெட்டை மட்டும் கொல்ல சிஸ்டம் கால் கிடையாது. டிஜிகில் என்று ஒன்று உண்டு. பிராசஸ் குழுவின் எண், த்ரெட்டின் எண், சிக்னல் மூன்றும் கொடுத்தால் சரியாக அந்த த்ரெட்டுக்கே சிக்னல் போகும். எக்ஸ்86-இன் 64 பிட்டில் 234-ஆம் எண். பெயரைப் பார்த்துவிட்டு இதில் சிக்கில் (SIGKILL, தடுக்கவே முடியாத கொலை உத்தரவு) சிக்னலைக் கொடுத்துப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலை பார்க்க ஆரம்பித்த முதல் வருடம். ஒரே ஒரு த்ரெட் போகும் என்று எண்டர் தட்டினேன். பக்கத்து டெர்மினலில் ஓடிய லாக் பாதி வரியில் நின்றது. மொத்த பிராசஸும் போய்விட்டது. சிக்னலை எந்த த்ரெட்டுக்கு அனுப்பினாலும் சிக்கிலின் விளைவு முழு பிராசஸுக்கும்தான். பித்ரெட்_கில்லும் அப்படியே. பெயரில்தான் கில், அது செய்வது சிக்னல் அனுப்புவது. முடித்துக்கொள் என்று சொல்லும் சிக்டெர்ம் சிக்னலுக்கு ஹேண்ட்லர் வைக்காமல் அனுப்பினால் வீடே போகும்.

பித்ரெட்_கேன்சல் என்று ஒன்று இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். அது கொலை இல்லை, வேண்டுகோள். லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி (glibc) அதற்காக 32-ஆம் சிக்னலை உள்ளுக்குள் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறது. இயல்பு நிலையில் அந்த த்ரெட் ரீட், ஸ்லீப் மாதிரி குறிப்பிட்ட இடங்களுக்கு வரும்போதுதான் வேண்டுகோளைக் கவனிக்கும். கவனித்ததும் நீங்கள் முன்கூட்டியே பதிந்து வைத்த துப்புரவு ஃபங்ஷன்கள் ஓடும். எங்கே வேண்டுமானாலும் வெட்டு என்று மாற்றி வைக்கவும் முடியும். அப்படி மாற்றினால் நொய்யலுடைய ஹீப் பூட்டுக் கதை இங்கேயும் வந்து நிற்கும். ஆண்ட்ராய்டின் பயோனிக் நூலகத்தில் பித்ரெட்_கேன்சலே கிடையாது.

சிறுதுளி | புதன், காலை 7:25

அக்கா, அப்படியானால் த்ரெட் தானே தன்னை சிஸ்டம் கால் மூலம் முடித்துக்கொள்ளலாமா? எக்ஸிட் கால் 60-ஆம் எண் தானே?

மின்னல்கொடி | புதன், காலை 8:50

ஆமாம், 60. அது கூப்பிட்ட த்ரெட்டை மட்டும் முடிக்கும். முழு பிராசஸையும் முடிப்பது எக்ஸிட்_குரூப், 231. சி-யில் நாம் எழுதும் எக்ஸிட், அண்டர்ஸ்கோர் எக்ஸிட் இரண்டுமே ஜிலிப்சியில் 231-க்குத்தான் போகின்றன. இது தெரியாமல் குழம்பியவர்கள் நிறையப் பேர்.

ஆனால் 60-ஐ நேரடியாகக் கூப்பிடாதே. ஜிலிப்சியின் கணக்குப் புத்தகத்தில் எழுதாமல் வெளியேறுகிறாய் என்று அர்த்தம். துப்புரவு ஃபங்ஷன்கள் ஓடாது, த்ரெட்டுக்கென்று வைத்த மாறிகளின் டிஸ்ட்ரக்டர் ஓடாது, டிடாச் செய்த (முடிவுக்கு யாரும் காத்திருக்காத) த்ரெட் என்றால் அதன் ஸ்டாக்கைத் திரும்ப வாங்க ஆளில்லை. வெளியேறும் த்ரெட்டின் எண்ணைக் கர்னல் மெமரியில் பூஜ்யமாக்கிக் காத்திருப்பவரை எழுப்பிவிடும் என்பதால், த்ரெட் முடியக் காத்திருக்கும் ஜாயின் என்னவோ திரும்பி வரும். அதனால் எல்லாம் சரி என்று தோன்றும். மெயின் த்ரெட்டிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தால் இன்னும் விசித்திரம்: பிஎஸ் கட்டளையில் பிராசஸ் செத்துப்போனதாகக் காட்டும், மற்ற த்ரெட்கள் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

நொய்யல் | வெள்ளி, காலை 5:40

நேற்று ராத்திரி உறைந்தது. டம்ப் எடுத்தேன். இப்போதுதான் பார்த்து முடித்தேன்.

விண்டிபக் என்ற டீபக்கரில் திறந்தால் மொத்தம் 14 த்ரெட். மெயின் த்ரெட்டின் ஸ்டாக்கை (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற அடுக்கை) கீழிருந்து படித்துக்கொண்டே போனேன். எங்கள் திரை வரையும் கோடு, அதிலிருந்து மால்லாக், அதிலிருந்து ஆர்டிஎல் அலகேட் ஹீப், உச்சியில் கிரிட்டிகல் செக்ஷனுக்குள் நுழையக் காத்திருப்பு. டேட்டாபேஸில் எழுதும் த்ரெட்டும் அதே முகவரிக்குக் காத்திருக்கிறது. காவல் த்ரெட்டும் அதே முகவரிக்கு.

அந்த முகவரியில் இருக்கும் பூட்டைப் பிரித்துப் பார்த்தேன். உரிமையாளர் த்ரெட் எண் 2984. த்ரெட் பட்டியலை மேலிருந்து கீழ்வரை மூன்று தடவை பார்த்தேன். 2984 என்று யாருமே இல்லை.

எங்கள் லாக்கைத் திறந்தேன். இரவு 1:47-க்குக் காவல் த்ரெட் எழுதிய கடைசி வரி: "பதில் இல்லை, த்ரெட் 2984 நிறுத்தப்பட்டது."

கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். காவலுக்கு என்று நான் வைத்ததே பூட்டைச் சாவியோடு புதைத்துவிட்டது. பழையகோடு அண்ணா, நீங்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. அடுத்து என்ன செய்வது?

ஏலக்காடு | வெள்ளி, காலை 10:05

டம்ப்பைப் பார்த்தபின் என் வாதத்தை விட்டுவிடுகிறேன். எங்கள் மூடும் கோடையும் இன்று மாற்றப் போகிறேன்.

ஒரு கேள்வி மட்டும். கொன்றபின் பூட்டைக் கர்னலே விடுவித்துவிட்டால் என்ன? மியூட்டெக்ஸ் என்ற விண்டோஸின் இன்னொரு வகைப் பூட்டில் அப்படித்தானே நடக்கிறது?

பழையகோடு | வெள்ளி, மதியம் 12:30

ஆமாம், மியூட்டெக்ஸ் கர்னல் பொருள். உரிமையாளர் செத்தால் கர்னலுக்குத் தெரியும். அடுத்து காத்திருப்பவருக்கு வழக்கமான பூஜ்யத்துக்குப் பதில் 128 என்ற விடை வரும், "கைவிடப்பட்ட பூட்டு" என்று பொருள். லினக்ஸிலும் ரோபஸ்ட் மியூட்டெக்ஸ் உண்டு. உரிமையாளர் இறந்தார் என்று ஒரு எர்ரர் கோடோடு பூட்டு கைக்கு வரும். உள்ளே இருப்பதைச் சரிபார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று நீங்கள்தான் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டால் அந்தப் பூட்டை அதற்குப் பிறகு யாரும் பயன்படுத்த முடியாது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

ஏன் அவ்வளவு கண்டிப்பு என்றால், பூட்டு என்பது கதவு மட்டும்தான். இரட்டைத் தொடர் பட்டியலில் ஒரு புதிய முனையைச் செருகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவருக்குப் புதியவரைக் காட்டியாகிவிட்டது. பின்னால் இருப்பவருக்கு இன்னும் காட்டவில்லை. அந்த இரண்டு வரிக்கு நடுவில் த்ரெட் செத்தால், முன்னிருந்து நடந்தால் 9 பேர், பின்னிருந்து நடந்தால் 8 பேர். பூட்டைத் திறந்துவிட்டால் அடுத்தவர் இந்தப் பட்டியலை நம்பி உள்ளே வருவார். உறைந்து நிற்கும் புரோகிராமைவிட, தப்பான எடையை அச்சடித்துக் கொடுக்கும் புரோகிராம் மோசம் இல்லையா?

ஜாவாவில் இதே பாடம் நடந்தது. த்ரெட்.ஸ்டாப் தன் கையிலிருந்த எல்லாப் பூட்டையும் விட்டுவிட்டுத்தான் செத்தது. அதனால் பாதி மாறிய பொருள்கள் வெளியே தெரிந்தன. 1998-இல் 1.2 பதிப்பிலேயே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள், 2023-இல் வந்த 20-ஆம் பதிப்பில் கூப்பிட்டாலே எக்ஸெப்ஷன். டாட்நெட் கோரில் த்ரெட்.அபார்ட்டும் அதே கதி.

நொய்யல், உங்களுக்கு: முதலில், காத்திருக்கும் படிப்பை ரத்து செய்யும் கேன்சல் சிங்க்ரனஸ் ஐஓ-வை முயன்று பாருங்கள். விஸ்டாவிலிருந்து இருக்கிறது. த்ரெட் ஹேண்டிலைக் கொடுத்தால், அது மாட்டிக்கொண்டிருக்கும் ரீட்ஃபைல் 995 என்ற எர்ரரோடு திரும்பும். த்ரெட் உயிரோடு, தன் காலாலேயே வெளியே நடந்து வரும். டிஎல்எல் எழுதியவர் எர்ரரைப் பார்த்திருந்தால் இதோடு முடிந்தது.

நொய்யல் | சனி, இரவு 9:18

முயன்றேன். ரீட்ஃபைல் 995-உடன் திரும்புகிறது, டீபக்கரில் கண்ணால் பார்த்தேன். ஆனால் டிஎல்எல் அந்த எர்ரரைக் கண்டுகொள்ளாமல் சுற்றி வந்து மறுபடி ரீட்ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. 40 தடவை ரத்து செய்தேன், 40 தடவையும் திரும்பப் போனது.

பழையகோடு | சனி, இரவு 10:02

அப்படியானால் அந்த டிஎல்எல்லோடு ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. தனி பிராசஸில் போடுங்கள். ஒரு சின்ன எக்ஸி. அது டிஎல்எல்லைக் கூப்பிட்டு எடையைப் பைப்பில் (இரண்டு பிராசஸ்களை இணைக்கும் தகவல் குழாயில்) எழுதும். உங்கள் புரோகிராம் பைப்பைப் படிக்கும். 10 நொடி பதில் இல்லையென்றால் அந்தக் குட்டி பிராசஸை டெர்மினேட்பிராசஸ் வைத்து முடித்துவிட்டு இன்னொன்றைத் தொடங்குங்கள். அதன் ஹீப், அதன் பூட்டு, அதன் குழப்பம் எல்லாம் அதோடே போகும். உங்கள் ஹீப்பை அது தொடவே முடியாது. பிராசஸ்களைக் குழுவாகக் கட்டும் ஒரு ஜாப் ஆப்ஜெக்டில் அதைச் சேர்த்து, ஜாப் மூடினால் உள்ளே இருப்பதைக் கொல் என்ற கொடியை வைத்துவிடுங்கள். உங்கள் புரோகிராம் எதிர்பாராமல் விழுந்தால்கூடக் குட்டி பின்னால் சுற்றிக்கொண்டிருக்காது.

மின்னல்கொடி | சனி, இரவு 10:40

இதையே நானும் சொல்ல வந்தேன். லினக்ஸிலும் இதுதான் வழி. இரண்டு ஊரிலும் கர்னல் முழுசாகத் துடைத்துத் தரும் மிகச் சிறிய அலகு பிராசஸ்தான். மெமரி, ஃபைல், சாக்கெட் எல்லாவற்றுக்கும் அதன் பெயரில்தான் கணக்கு இருக்கிறது. த்ரெட்டின் பெயரில் அப்படி ஒரு கணக்கே எழுதப்படுவதில்லை. பின்னே எதைத் துடைப்பது?

ஒன்று மட்டும் கவனம். பைப்பில் வரும் வரி பாதியில் அறுந்திருக்கலாம். குட்டி எழுதிக்கொண்டிருக்கும்போதே கொன்றால் "18450" என்ற எடை "184" என்று வந்து நிற்கும். வரி முடிவும், வரி முழுதாக வந்ததா என்று சரிபார்க்கும் எண்ணான ஒரு செக்சம்மும் இருந்தால் மட்டும் எடையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

நொய்யல் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:25

எல்லாருக்கும் நன்றி, முதலில். மின்னல்கொடி சொன்ன அறுந்த வரி இரண்டாம் நாளே வந்தது. செக்சம் பிடித்தது.

34 நாளாக ஓடுகிறது, மெயின் புரோகிராம் ஒரு தடவைகூட உறையவில்லை. குட்டி பிராசஸ் 61 தடவை கொல்லப்பட்டிருக்கிறது. ஆபரேட்டருக்குத் தெரிவது திரையில் ஒரு சில நொடி "எடைக்குக் காத்திருக்கிறது" என்ற வரி மட்டும்.

புதிதாக ஒன்று பார்த்தேன். சில தடவை புதிய குட்டி எழுந்ததும் போர்ட்டைத் திறக்க முடியாமல் எர்ரர் 5, அனுமதி இல்லை என்று வந்தது. இரண்டு நொடி விட்டு மறுபடி முயன்றால் சரியாகிவிடுகிறது. ஆனால் ஒரே ஒரு தடவை ஒரு மணி நேரமானாலும் சரியாகவில்லை. டாஸ்க் மேனேஜரில் பழைய குட்டி அப்படியே இருந்தது, ஒரே த்ரெட்டோடு. என்ன செய்தும் சாகவில்லை. யுஎஸ்பி கன்வெர்ட்டரைப் பிடுங்கிச் செருகியதும்தான் போனது. பிராசஸையே கொல்ல முடியாத நிலை எப்படி வருகிறது?

பழையகோடு | ஞாயிறு, இரவு 8:11

மிகுந்த சந்தோஷம். அந்த 61 தடவையில் ஒவ்வொன்றும் முன்பு உங்கள் ஹீப்பில் விழுந்திருக்கக்கூடிய அடி.

சாகாத குட்டிக்கு: கொல்லும் வேலை, த்ரெட் கர்னலை விட்டுப் பயனர் பக்கம் திரும்பும்போதுதான் ஓடும் என்றேன் அல்லவா. அந்த த்ரெட் கன்வெர்ட்டரின் டிரைவருக்குள் ஒரு கோரிக்கையோடு நிற்கிறது. கர்னல் அந்தக் கோரிக்கையை ரத்து செய்யச் சொல்லும். டிரைவர் ரத்துக்கு வழி செய்திருக்காவிட்டால் அது முடியும்வரை த்ரெட் திரும்பாது, போர்ட்டும் மூடாது. அதனால்தான் எர்ரர் 5. அந்த இரண்டு நொடிக் காத்திருப்பும் இதே கதையின் சின்ன வடிவம். கர்னலுக்குள் நிற்கும் த்ரெட்டை உருவி எடுக்க எந்த சிஸ்டம் காலாலும் முடியாது, முடியவும் கூடாது. உள்ளே இருக்கும் பூட்டுகள் முழு மெஷினுக்கும் பொது.

மின்னல்கொடி | ஞாயிறு, இரவு 8:47

எங்கள் ஊரில் அதற்கு டி நிலை என்று பெயர். நெட்வொர்க் வழியாக ஃபைல் தரும் என்எஃப்எஸ் சர்வர் பதில் சொல்லாமல் போனால் சிக்கில் அனுப்பினாலும் அசையாமல் நிற்கும். 2.6.25 கர்னலில் சாகடிக்கக்கூடிய தூக்கம் என்று ஒரு நிலையைச் சேர்த்தபிறகு ஓரளவு குறைந்தது. நிலையைச் சேர்த்தது கர்னல், அதைத் தன் கோடில் பயன்படுத்த வேண்டியது டிரைவர் எழுதுபவர்.

கன்வெர்ட்டர் டிரைவரின் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள் நொய்யல். இல்லையென்றால் வேறு சிப் வைத்த கன்வெர்ட்டர் ஒன்றை அந்த ஒரு மேடையில் மட்டும் மாற்றிப் பாருங்கள்.

நொய்யல் | திங்கள், காலை 6:30

மூன்று மேடையில் இரண்டில் ஒரே கன்வெர்ட்டர், சாகாத குட்டி வந்தது அந்த இரண்டில் ஒன்றில். மூன்றாவதில் இருப்பது வேறு சிப். இன்றைக்கு அதே மாதிரி இரண்டு வாங்கிக்கொண்டு போகிறேன். எர்ரர் 5 ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தால் "கன்வெர்ட்டரைக் கழற்றி மாட்டவும்" என்று திரையில் பெரிய எழுத்தில் காட்டும்படியும் நேற்று ராத்திரியே மாற்றிவிட்டேன்.